அன்றாட ஆங்கிலத் தொடர்களின் சீன மொழியாக்கம்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பாய்வுகள் பெரும்பாலும் இலக்கியம், சமயம், அறிவியல் ஆகிய துறை நூல்களையே மையமாகக் கொண்டு நிகழ்ந்து வந்துள்ளன. நலம் வினவல், நன்றி கூறல், வழி கேட்டல், வருத்தம் தெரிவித்தல், விடைபெறல் போன்ற அன்றாடத் தொடர்கள் எளியவை என்னும் எண்ணத்தால் ஆய்வாளர் கவனத்தை அவை மிகுதியாக ஈர்க்கவில்லை. ஒரு மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதல் நாளில் மனப்பாடம் செய்பவை இத்தொடர்களே. ஆயினும், சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது முதலில் பிறழ்பவையும் இவையே.

இதற்குக் காரணம் உண்டு. அன்றாடத் தொடர் ஒரு செய்தியைக் கூறுவதைவிட ஒரு செயலைச் செய்வதற்கே மிகுதியும் பயன்படுகிறது. நலம் வினவுபவர் எதிரே இருப்பவரின் உடல்நிலை அறிக்கையை எதிர்பார்ப்பதில்லை, உறவைப் புதுப்பிக்கிறார். எனவே, பெயர்க்கப்பட வேண்டியது சொற்பொருள் அன்று. யார், யாரிடம், எச்சூழலில் எதனைச் செய்கிறார் என்பதே. ஆங்கிலத்திலிருந்து சீன மொழிக்குச் செல்லும் அன்றாடத் தொடர்கள் சிலவற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்குச் சீன மொழி எனப்படுவது 'பூதோங்ஹுவா' எனப்படும் பொதுமொழியாகும். கான்டனீய வழக்கு தனித்துச் சுட்டப்படும் இடத்தில் அவ்வாறே குறிக்கப்படுகிறது.

2. முன்னோடி முயற்சிகள்

ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் இடையே அன்றாடத் தொடர்களைத் தொகுக்கும் முயற்சி வணிகத்தாலும் சமயப் பணியாலும் தோன்றியது. 1807இல் குவாங்சோ நகரை அடைந்த ராபர்ட் மோரிசன் என்னும் சமயப் பணியாளர், அயல்நாட்டார்க்குச் சீனம் கற்பிப்பதைச் சிங் அரசு தடைசெய்திருந்த காலத்தில் அம்மொழியைக் கற்றார். 1815 முதல் 1823 வரை மக்காவில் வெளிவந்த அவருடைய அகராதி புகழ்பெற்றது. அதற்கிடையே 1816இல் உரையாடல்களையும் தனித்தொடர்களையும் கொண்ட ஒரு நூலையும் அவர் அங்கேயே வெளியிட்டார்.

சீனர் தரப்பிலிருந்து எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது தாங் திங்ஷு 1862இல் குவாங்சோவில் வெளியிட்ட 'யிங்யூ ஜிச்சுவான்' என்னும் ஆறு தொகுதி நூலாகும். ஆங்கிலத் தொடர்களின் ஒலியைக் கான்டனீய ஒலிப்பில் சீன எழுத்துகளால் குறித்து, வணிகர்க்கு வேண்டிய உரையாடல்களை அது தந்தது.

மொழிபெயர்ப்புக் கொள்கையை வகுத்தவர்களுள் யென் ஃபூ முதன்மையானவர். ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறவியலும் பற்றிய நூலை 1898இல் சீனத்தில் வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் 'ஷின்', 'தா', 'யா' என மூன்று அளவுகோல்களை அவர் முன்வைத்தார். மூலத்துக்கு உண்மையாய் இருத்தல், கருத்துச் சென்று சேர்தல், நடை நயம் என இவற்றை விளக்கலாம். இவை உயர்ந்த நூல்களைக் கருதி வகுக்கப்பட்டவை. எனினும் அன்றாடத் தொடர்களுக்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்க இயலும். அங்கு உண்மையாய் இருக்க வேண்டுவது மூலச் சொல்லுக்கன்று, மூலச் செயலுக்கு. நயம் எனப்படுவதும் அணி அன்று, இடத்துக்கேற்ற மரியாதையே.

3. ஒலிபெயர்ப்பும் தொனியும்

தொடர்களை ஆராயுமுன் ஒலி பற்றிய ஒரு குறிப்பு இன்றியமையாதது. சீனத்தில் தொனி சொற்பொருளை வேறுபடுத்தும் கூறாகும். பொதுமொழியில் நான்கு தொனிகள் உள்ளன. 'மாய்' என்னும் அசை மூன்றாம் தொனியில் வாங்குதலையும் நான்காம் தொனியில் விற்றலையும் குறிக்கும். 'வென்' என்பது நான்காம் தொனியில் கேட்டல். மூன்றாம் தொனியில் முத்தமிடல். தொனிக்குறி இன்றித் தரப்படும் தொடரேடு கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் இடம் மாற்றிவிடக்கூடும்.

1958இல் சீனம் ஏற்றுக்கொண்ட 'பின்யின்' என்னும் ரோமன் எழுத்து முறையில் தொனிகளுக்கு உயிரெழுத்தின் மேல் குறியிடும் வசதி உண்டு. தமிழ் எழுத்துக்கு அவ்வசதி இல்லை. எனவே, இக்கட்டுரையில் வரும் தமிழ் ஒலிபெயர்ப்புகளை அடையாளத்துக்கு மட்டுமே கொள்ளுதல் வேண்டும்.

4. சந்திப்பும் பிரிவும்

'ஹவ் ஆர் யூ' என்னும் தொடருக்குத் தொடரேடுகள் பொதுவாகத் தரும் இணை 'நீ ஹாவ் மா' என்பதாகும். இலக்கண நோக்கில் இது சரியே. ஆயினும், நாள்தோறும் சந்திக்கும் இருவர் தம்முள் இதனை அரிதாகவே வழங்குவர். 'நீ ஹாவ்' என்னும் சுருங்கிய வடிவம் அறிமுகமற்றோர்க்குப் பொருந்தும். பழகியவரிடம் 'உண்டாயிற்றா' எனப் பொருள்படும் 'ச்சிர் ல மா' என்பதும், 'எங்கே செல்கிறீர்' எனப் பொருள்படும் 'ச்சூ நார்' என்பதும் வழக்கிலிருந்து வந்துள்ளன. இவற்றைக் கேட்கும் ஆங்கிலேயர் முன்னதை விருந்தழைப்பாகவும் பின்னதைத் தலையீடாகவும் கருதக்கூடும். 'சாப்பிட்டாயிற்றா' என வினவிப் பழகிய தமிழருக்கோ இதில் வியப்பில்லை.

பிரிவுத் தொடர்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'குட் பை' என்பதற்குரிய 'ட்ஸாய்ஜியென்' மீண்டும் காண்போம் எனப் பொருள்படும். ஆனால் இல்லத்திலிருந்து புறப்படும் விருந்தினரிடம் வீட்டார் கூறுவது 'மான் ட்ஸோ' என்பதாகும். 'மெல்ல நடந்து செல்க' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் 'டேக் கேர்' எனக் கூறும் இடத்தில் இது பொருந்தும். 'கவனம்' எனப் பொருள்படும் 'ஷியாவ்ஷின்' என்னும் சொல்லை அங்கு இட்டால், விடைகொடுத்தல் எச்சரிக்கையாக மாறிவிடும்.

தொலைபேசியில் 'ஹலோ' என்பதற்கு 'வெய்' என்பதே உரியது. 'நீ ஷிர் ஷெய்' என்றால் 'நீ யார்' என அதட்டுவது போலாகும். 'நின் ஷிர் நா வெய்' என்பது மரியாதை வடிவம். இதில் 'நின்' என்பது உயர்வு முன்னிலை. இறுதியில் உள்ள 'வெய்' மாந்தரை மதிப்புடன் எண்ணும் அளவைச் சொல். 'யார்' என்னும் வினாச் சொல்லே மறைந்து, 'எவர் ஒருவர்' என்னும் பாங்கு அமைகிறது.

5. ஆம், இல்லை

ஆங்கிலத்தின் 'யெஸ்', 'நோ' ஆகிய இரண்டுக்கும் எல்லா இடத்தும் பொருந்தும் தனிச்சொற்கள் சீனத்தில் இல்லை. வினாவிலுள்ள வினைச்சொல்லைத் திரும்பக் கூறுவதே விடை. 'செல்கிறாயா' என்பதற்கு 'ச்சூ' எனின் உடன்பாடு. 'பு ச்சூ' எனின் எதிர்மறை. எதிர்மறைக்கும் 'பு', 'மெய்' என இரு வடிவங்கள் உள்ளன. விருப்பத்தையும் வழக்கத்தையும் மறுக்க முன்னதும், நிகழ்வையும் உடைமையையும் மறுக்கப் பின்னதும் வரும்.

எதிர்மறை வினாக்களில் சிக்கல் கூர்மையடைகிறது. 'நீ செல்லவில்லையா' என வினவினால், செல்லாதவர் சீனத்தில் 'துய், பு ச்சூ' என்பார். 'சரிதான், செல்லவில்லை' என்பது பொருள். ஆங்கிலத்தில் அதே நிலையில் 'நோ' என்றே தொடங்க வேண்டும். சீனர் வினவியவரின் கூற்று சரியா தவறா எனப் பார்க்கிறார். ஆங்கிலேயர் செயல் நிகழுமா நிகழாதா எனப் பார்க்கிறார். 'ஆமாம், வரவில்லை' என விடையிறுக்கும் வழக்கு தமிழிலும் உண்டு.

மருத்துவமனையில் இவ்வேறுபாடு உயிர்காக்கும் செய்தியாகிறது. 'பென்சிலின் உங்களுக்கு ஒவ்வாததில்லையே' என ஆங்கிலச் செவிலியர் வினவுவதாகக் கொள்வோம். நேர்ப்பெயர்ப்பைக் கேட்ட சீன நோயாளி 'துய்' என்கிறார். ஒவ்வாமை இல்லை என்பதே அவர் கருத்து. அதனை 'யெஸ்' எனப் பெயர்த்தால் ஒவ்வாமை உண்டு எனப் பதிவாகும். இங்கு வேண்டிய மருந்து கிடைக்காமற் போகும். நோயாளி ஒவ்வாமை உடையவராக இருந்து கூறும் மறுப்பும் இவ்வாறே தலைகீழாகலாம். அவ்வாறாயின் கேடு மிகப் பெரிது. இதனைத் தவிர்க்க மொழிபெயர்ப்பாளர் வினாவையே மாற்றி அமைத்தல் வேண்டும். 'யோ மெய் யோ' எனத் தொடங்கும் வடிவம் 'உண்டா, இல்லையா' என இரு பக்கத்தையும் திறந்து வைப்பதால் விடையில் ஐயத்துக்கு இடமிராது.

6. வேண்டலும் நன்றியும்

'பிளீஸ்' என்பதற்கு இணையாகத் தரப்படும் 'ச்சிங்' அழைத்தல், வேண்டல் எனும் பொருள்களை உடையது. வினைக்கு முன் வந்து 'அமர்க', 'உள்ளே வருக' எனப் பணிவுடன் அழைக்க அது ஏற்றது. தனித்து, கைச்சைகையுடன் வரும்போது 'தாங்கள் முதலில்' என்னும் கருத்தைத் தரும். தேநீர் வேண்டுமா என வினவியவரிடம் 'யெஸ், பிளீஸ்' என ஆங்கிலத்தில் கூறலாம். அதனை 'ச்சிங்' எனப் பெயர்த்தால், தேநீர் கொடுப்பவரை உண்ணுமாறு அழைப்பதாகிவிடும். 'ஹாவ், ஷியெஷியெ', அதாவது 'நல்லது, நன்றி' என்பதே உரிய விடை. பிறரிடம் உதவி கேட்கும்போது 'மாஃபான் நீ' என்பர். 'உமக்குத் தொல்லை தருகிறேன்' என்னும் ஒப்புதலே அங்கு வேண்டுகோளாகிறது.

'எக்ஸ்க்யூஸ் மி' என்னும் ஒரே தொடர் மூன்றாகப் பிரிகிறது. வழி கேட்குமுன் 'ச்சிங்வென்' என்றும், ஒருவர் உதவியை நாடும்போது வடபுல வழக்கில் 'லாவ்ஜியா' என்றும், பிறரை இடித்துவிட்டால் 'துய்புச்சி' என்றும் கூறுதல் வேண்டும்.

'தேங்க் யூ' என்பதற்குப் பொதுமொழியில் 'ஷியெஷியெ' உண்டு. கான்டனீயத்தில் ஒருவர் செய்த உதவிக்கு 'ம்கோய்' என்றும், பெற்ற பரிசுக்கு 'தோஜே' என்றும் இரண்டு தொடர்கள் உள. பரிசைப் பெற்று 'ம்கோய்' என்பது அவ்வழக்கில் பொருந்தாது. மறுமொழியாக வரும் ஆங்கில 'யூ ஆர் வெல்கம்' வரவேற்புச் சொல்லைக் கொண்டது. ஆனால் 'ஹுவான்யிங்' எனும் சீன வரவேற்புச் சொல் வாயிலில் மட்டுமே பொருந்தும். நன்றிக்கு மறுமொழி 'பு கச்சி' என்பதாகும். 'விருந்தினர் போல் நடந்துகொள்ள வேண்டா' என அதன் பொருளை விரிக்கலாம். நன்றி கூறுதலே ஒரு சிறு விலகல் என்னும் எண்ணம் இத்தொடருள் பொதிந்துள்ளது. நெருங்கிய உறவினரிடையே நன்றிச் சொல் மரபில் அருகியே வழங்கியமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

புகழுரைக்கு விடையளிப்பதிலும் இப்பாங்கைக் காணலாம். பாராட்டுப் பெற்றவர் மரபாகக் கூறுவது 'நாலி நாலி' என்பதாகும். 'எங்கே, எங்கே' என்பது சொற்பொருள். 'அவ்வாறு ஒன்றுமில்லை' என்பது கருத்து. ஆங்கில முறையில் நன்றி கூறி ஏற்கும் வழக்கு இளைய தலைமுறையினரிடம் பரவியுள்ளமையும் சுட்டத்தக்கது.

7. வருத்தமும் பொறுப்பும்

அன்றாடத் தொடர்களுள் மிகுந்த கவனத்துக்குரியது 'ஸாரி' என்பதாகும். ஆங்கிலத்தில் அது இரங்கலையும் பிழை ஒப்புதலையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. சீனம் இவற்றைப் படிப்படியாகப் பிரிக்கிறது. கூச்சத்தைக் காட்டும் 'பு ஹாவ் யீஸு' சிறு தவறுகளுக்கு உரியது. 'துய்புச்சி' என்பது 'உம் முகத்தை நேர்நோக்க இயலவில்லை' என்னும் அடிப்படையில் எழுந்தது. 'பாவ்ச்சியென்' சற்று முறையானது. 'தாவ்ச்சியென்' என்பது தவற்றை ஏற்று மன்னிப்புக் கோரும் செயலின் பெயர். 'யீஹான்' என்பதோ நிகழ்ந்ததற்கு வருந்துவது மட்டுமே. அதில் பொறுப்பேற்பு இல்லை. இறப்புச் செய்தி கேட்டு ஆங்கிலத்தில் 'ஸாரி' எனலாம். அங்கே 'துய்புச்சி' என்றால் இறப்புக்குத் தாமே காரணம் என்பது போலாகும். 'துயரை அடக்குக' எனப் பொருள்படும் 'ஜியெ ஆய்' என்பதே ஏற்றது.

இவ்வேறுபாடு நாடுகளுக்கிடையிலான சிக்கலாக மாறியமைக்கு 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கருகே அமெரிக்கக் கடற்படையின் உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். ஹைனானில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பணியாளரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்பைக் கோரியது; அமெரிக்கா தவறு தன்னுடையதன்று எனக் கருதியது. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் புரூஹர் அளித்த கடிதத்தில் 'வெரி ஸாரி' என்னும் தொடர் இரண்டிடங்களில் அமைந்தது. சீன ஊடகங்கள் அதனை 'ஷென் பியாவ் ச்சியென்யீ' எனும் தொடரால் வெளியிட்டன. ஆழ்ந்து வருத்தம் தெரிவித்தல் என்பது இதன் பொருள். எனினும் மன்னிப்பைக் குறிக்கும் 'தாவ்ச்சியென்' என்பதிலுள்ள 'ச்சியென்' எழுத்தே இதிலும் உள்ளது. அமெரிக்கத் தரப்பு தான் கூறியது இரங்கலே எனக் கொண்டது. சீன மக்கள் செவியில் அது மன்னிப்புக்கு அணித்தாக ஒலித்தது. மறுநாள் பணியாளர்கள் விடுவிக்கப்பட்டனர். பொதுவாகக் குறையெனக் கருதப்படும் பொருள் மயக்கம் இங்கு இரு தரப்பும் வெளியேற ஒரு வாயிலாக அமைந்தது. ஆயின், அது எல்லா இடத்தும் அவ்வாறு உதவும் எனக் கொள்ளுதல் இயலாது.

8. பொது அறிவிப்புகள்

அறிவிப்புப் பலகைத் தொடர்கள் இரு மொழிகளும் ஒரே நிலைமையை வெவ்வேறு பக்கத்திலிருந்து நோக்குவதைக் காட்டுகின்றன. 'வெட் பெயின்ட்' என்னும் ஆங்கில அறிவிப்பு வண்ணப்பூச்சின் ஈரத்தைக் கூறுகிறது. சீனத்தில் 'யோச்சி வெய் கான்', அதாவது 'வண்ணம் உலரவில்லை' என எதிர்மறையால் எழுதுவர். பணியாளர்க்கு மட்டும் எனப் பொருள்படும் 'ஸ்டாஃப் ஒன்லி' சீனத்தில் 'ஷியென்ரென் மியென்ஜின்' என அமையும். 'அலுவலற்றோர் நுழைதல் வேண்டா' என்பது கருத்து. முன்னது உரியவரைக் கூறி மற்றவரை விலக்குகிறது. பின்னது மற்றவரையே கூறி விலக்குகிறது.

சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாதலால் நான்கு மொழிகளிலும் எழுதப்பட்ட அறிவிப்புகளை அங்குக் காணலாம். அத்தகைய பலகைகள் இவ்வகை ஒப்பாய்வுக்கு ஏற்ற களமாகும்.

9. உறவுப் பெயர்களும் இடைமொழிச் சிக்கலும்

'இவர் என் பிரதர்' என்னும் எளிய அறிமுகத் தொடரைச் சீனத்தில் பெயர்க்க, அவர் மூத்தவரா இளையவரா என்பது தெரிந்தாக வேண்டும். மூத்தவர் 'கெகெ', இளையவர் 'தீதி'. 'அங்கிள்' என்பது தந்தையின் அண்ணனாயின் 'போபோ', தம்பியாயின் 'ஷுஷு', தாயின் உடன்பிறந்தாராயின் 'ஜியூஜியூ' என வேறுபடும். 'கஸின்' என்னும் ஒரு சொல் எட்டாக விரியும். தந்தையின் உடன்பிறந்த ஆடவர் மக்கள் 'த்தாங்' எனவும், ஏனையோர் 'பியாவ்' எனவும் இரு கூறாவர். ஒவ்வொன்றிலும் ஆண், பெண், மூப்பு, இளமை எனும் பகுப்புகள் உண்டு.

தமிழ் அறிந்தோர்க்கு அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா, மாமா என்னும் பாகுபாடு இயல்பானதே. எனினும் இரு மொழிகளும் முழுதும் ஒத்தவையல்ல. தாயின் உடன்பிறந்தாள் மகன் தமிழில் அண்ணன் அல்லது தம்பி. சீனத்தில் அவர் 'பியாவ்' வகையினர். அறிமுகமற்ற மூத்த ஆடவரைத் தமிழ்க் குழந்தை தாய்வழி உறவுச் சொல்லாகிய 'மாமா' என்றும், சீனக் குழந்தை தந்தைவழிச் சொல்லாகிய 'ஷுஷு' என்றும் அழைக்கும்.

இவ்விடத்தில் இந்திய மொழியாளர் கருதத்தக்க ஓர் உண்மை புலனாகிறது. தமிழிலிருந்து சீனத்துக்கு ஆங்கிலத்தின் வழியாகச் சென்றால், இரு மொழிகளுக்கும் பொதுவான நுட்பங்கள் இடையில் உதிர்ந்து போகின்றன. 'என் அண்ணன்' ஆங்கிலத்தில் 'பிரதர்' ஆனபின், அவரைக் 'கெகெ' ஆக்குவதா 'தீதி' ஆக்குவதா என்பது ஊகமாகிவிடுகிறது. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டுக்குச் சீனத்தில் 'நீ', 'நின்' உள்ளன; ஆங்கில 'யூ' அதனை மறைக்கிறது. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதற்குப் பெய்ஜிங் வழக்கில் 'ட்ஸான்மென்' உண்டு. 'நாங்கள்' என்பதற்கு 'வொமென்' வரும். பொதுமொழியில் 'வொமென்' இரு பொருளிலும் வழங்கினும், வேறுபடுத்த விரும்புவோர்க்கு வழி உள்ளது. ஆங்கில 'வீ' அவ்வழியை அடைத்துவிடுகிறது. கைப்பேசியிலேயே மொழிபெயர்க்கும் கருவிகள் பெருகியுள்ள இந்நாளில், ஆங்கிலம் இடைமொழியாக நிற்கும் இடங்களிலெல்லாம் இவ்விழப்பை எதிர்பார்த்தல் வேண்டும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகளைப் பெறலாம். அன்றாடத் தொடர் மொழிபெயர்ப்பின் அலகு சொல் அன்று; பேச்சால் நிகழும் செயலும் பேசுவோர்க்கிடையிலான உறவுமே அதன் அலகு. ஆங்கிலம் ஒரே தொடரால் பல செயல்களை நிகழ்த்தும் இடங்களில் சீனம் சூழலைத் தெரிவிக்குமாறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறது. அச்சூழல் அறியப்படாதபோது, விடையைத் தேடுவதைவிட வினாவை மாற்றியமைத்தலே பாதுகாப்பானது.

எனவே, தொடரேடுகளை அகரவரிசையிலோ ஒன்றுக்கொன்று இணையாகவோ அமைப்பதைவிட, சூழல் வாரியாக அமைத்து, யார் யாரிடம் கூறுவது என்னும் குறிப்பையும் தொனிக்குறியையும் இணைத்தல் நலம். 'ஸாரி' என்பதற்கு ஒரு சொல்லைத் தருவதினும், எந்த ஐந்து இடங்களில் எந்த ஐந்து தொடர்கள் வரும் எனக் காட்டுவதே கற்போர்க்கு உதவும். தமிழுக்கும் சீனத்துக்கும் இடையே நேரடியான தொடரேடுகள் உருவாக்கப்படின், ஆங்கிலம் மறைக்கும் அண்ணனும் தம்பியும், நாமும் நாங்களும், நீயும் நீங்களும் இழப்பின்றி மறுகரை சேர்வர்.